பிற ஊர்ச் சாப்பாட்டைச் சுவைத்துக் கருத்துச் சொல்வது எப்படி

திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் நடக்கும் மறுவீட்டு விருந்தில் சொதி இல்லாவிட்டால் அது விருந்தாகாது. வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, மூன்று முறை பிழிந்தெடுத்த தேங்காய்ப்பால், இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்த விழுது, இறக்கிய பிறகு பிழியும் எலுமிச்சம்பழச் சாறு ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் எங்கள் சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். இதை உண்டு வளர்ந்த நான், பல ஆண்டுகளுக்கு முன் சென்னை வளசரவாக்கத்தில் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் வீட்டுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் மிதக்கும் மஞ்சள் நிறத் தேங்காய்ப்பாலை ஒரு கரண்டி ஊற்றி, "சொதி" என்றார்கள். பருப்பும் காயும் இல்லாத இது எப்படிச் சொதியாகும் என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். நண்பரின் தாயார் கோபப்படவில்லை. "தம்பி, உங்கட சொதி சோத்துக்கு விடுற கறி. எங்கட சொதி இடியப்பத்தை நனைக்கிறதுக்கு. அதுக்குள்ள பருப்பைப் போட்டா இடியப்பம் எப்பிடி ஊறும்?" என்று மட்டும் சொன்னார்.

பிற ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அன்று நான் செய்த அதே தவறுதான். ஒரு பண்டத்தை அதன் சொந்த இலையிலிருந்து தூக்கி நம் வீட்டு இலையில் வைத்து, அது அங்கே பொருந்தவில்லை என்று குறை சொல்கிறோம். வேலைக்காகவோ திருமணத்தினாலோ வேற்றூருக்குக் குடிபோகிறவர்கள், பயணம் செய்கிறவர்கள், சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆகியோருக்காக, இந்தத் தவறைத் தவிர்க்க நான் கற்றுக்கொண்ட முறைகளை இங்கே எழுதுகிறேன்.

சாப்பிடும் முன் கேட்க வேண்டியவை

முதலில் கேட்க வேண்டியது, "இதை எதனோடு, எந்த வேளையில் சாப்பிடுவீர்கள்?" என்பது. இந்த ஒரு கேள்வியே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். கன்னடர் வீட்டுச் சாம்பாரில் வெல்லம் இருக்கிறது என்று தமிழர்கள் காலங்காலமாக முகம் சுளித்து வருகிறோம். உடுப்பிப் பக்கத்துச் சாம்பாரில் கொத்தமல்லி விதை, வெந்தயம், மிளகாய் முதலியவற்றைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துத் தேங்காயோடு அரைத்து விடுவார்கள். புளியின் கூர்மையைச் சிறிது வெல்லம் தணிக்கும். அதைத் தனியாகக் கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்தால் நமக்கு இனிப்புத்தான் முன்னே வரும். சோற்றில் பிசைந்து, ஊறுகாயோடும் காரமான பொரியலோடும் சாப்பிட்டால் அந்த இனிப்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சென்னையின் ஓட்டல் டிபன் என்று நாம் பெருமையோடு சொந்தம் கொண்டாடும் மரபை வளர்த்தவர்களில் பெரும் பங்கு உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுடையது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1930-களில் சென்னையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் உடுப்பிப் பகுதிக்காரர்.

அடுத்து, புளிப்பு எதிலிருந்து வருகிறது, கொழுப்பு எது, காரம் எந்த மிளகாயினுடையது, தானியம் எது என்ற நான்கையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் புளியில் செய்வதைக் கேரளத்தின் தென்பகுதியில் மீனுக்குக் குடம்புளியால் செய்கிறார்கள். கோவாவில் வினிகராலும் கோக்கம் என்னும் பழத்தின் உலர்ந்த தோலாலும் செய்கிறார்கள். ஆந்திரத்தில் புளிச்ச கீரையும் மாங்காயும் அந்த வேலையைச் செய்கின்றன. புளிப்பு மாறினால் குழம்பின் போக்கே மாறும். அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் "புளிக் காய்ச்சல் சரியில்லை" என்று சொல்வது, வேறு தாளத்தில் பாடுகிறவரைப் பார்த்துத் தாளம் தப்புகிறது என்று சொல்வதைப் போன்றது.

கொழுப்பு விஷயத்தில் நம் மூக்குதான் பெரிய தடை. நல்லெண்ணெயில் பழகிய மூக்குக்கு வங்காளத்துக் கடுகெண்ணெய் முதல் நாளில் தாங்காது. அதனால் அங்கே போகிறவர்கள், பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்த மசித்த உருளைக்கிழங்கிலோ, கடுகை அரைத்துச் செய்த மீன் குழம்பிலோ தொடங்க வேண்டாம். புகை வரும்வரை காய்ச்சிய கடுகெண்ணெயில் பொரித்த மீனில் தொடங்கினால், காய்ச்சலில் நெடி தணிந்துவிடுவதால், எண்ணெயின் மணத்தை அறிந்துகொள்ள முடியும். மூன்றாவது நாள் கடுகு மீன் குழம்புக்குப் போங்கள். கேரளத் தேங்காய் எண்ணெய்க்கும் இதே படிப்படியான வழிதான்.

மிளகாயைப் பற்றி நமக்கு இருக்கும் பெருமிதம் பெரும்பாலும் காரத்தின் அளவைப் பற்றியது. கர்நாடகத்து பியாடகி மிளகாய் நல்ல சிவப்பு நிறத்தையும் மணத்தையும் தரும், காரம் குறைவு. காஷ்மீரி மிளகாயும் அப்படியே. குண்டூர் மிளகாய் சுள்ளென்று காரம் தருவது. பியாடகி போட்ட குழம்பின் நிறத்தைப் பார்த்துக் காரத்தை எதிர்பார்த்துவிட்டு, "பார்க்கத்தான் சிவப்பு, உறைப்பே இல்லை" என்று சொல்வதில் பொருளில்லை. அங்கே மிளகாய் வேறு வேலைக்காகப் போடப்பட்டிருக்கிறது. மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்தது; அதற்கு முன் நம் காரம் மிளகுதான். 'மிளகாய்' என்ற பெயரே அதைக் காட்டுகிறது.

பிரியாணியை எடுத்துக்கொண்டு ஒரு பயிற்சி

நான்கு கேள்விகளையும் பழக்கிக்கொள்வதற்குப் பிரியாணியைவிட நல்ல பாடம் இல்லை. ஏனென்றால் இதில்தான் ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊரைப் பார்த்து "அது பிரியாணியே இல்லை, குஸ்கா" என்றும் "புலாவ்" என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தானியத்தில் தொடங்குங்கள். ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் சீரகச் சம்பா. அரிசி சிறியது, தனக்கென்று மணம் உடையது, இறைச்சியின் சாற்றையும் மசாலாவையும் நன்றாக உறிஞ்சிக்கொள்வது. ஆகவே அங்கே சோறுதான் பிரியாணி. கறித்துண்டை எடுத்து ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாலும் கறியின் சுவை சோற்றில் இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் பாசுமதி. அரிசி நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரு பகுதி வெள்ளையாகவும் ஒரு பகுதி மஞ்சளாகவும் ஒரு பகுதி மசாலா பட்டும் இருக்க வேண்டும். மசாலாவில் ஊறிய பச்சை இறைச்சியை அடியில் வைத்து, அரைவேக்காட்டு அரிசியை மேலே அடுக்கி, விளிம்பை மாவால் ஒட்டித் தம்மில் வேகவைக்கும் முறை அவர்களுடைய பெருமை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தட்டின் மேலே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் தின்று "சப்பென்று இருக்கிறது" என்று சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சோற்றை மேலிருந்து கீழாக, அடி மசாலாவும் வரும்படி ஒரு பக்கமாகத் தோண்டி எடுக்க வேண்டும். சாலன் என்னும் பச்சை மிளகாய்க் குழம்பையும் தயிரையும் இடையிடையே சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கவளமும் வேறுவேறு சுவையாக இருக்கும். அவர்கள் விரும்புவதும் அதைத்தான். எல்லாக் கவளமும் ஒரே சுவையாக இருக்க வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு.

அதேபோல் ஹைதராபாத்திலிருந்து வருகிறவர் ஆம்பூரில் தயிர் மட்டும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் புளிப்பும் எண்ணெயும் மினுமினுக்கும் கத்தரிக்காய்தான் துணை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதின் சுவைக்கு அந்தப் புளிப்பு எதிரே நிற்க வேண்டும். திண்டுக்கல்லில் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிய கறி, மிளகு, தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

கொல்கத்தாப் பிரியாணியில் கிடக்கும் முழு உருளைக்கிழங்கைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் ஆங்கிலேயரால் அரசை இழந்து கொல்கத்தாவின் மேட்டியாபுருஜில் வந்து தங்கினார். லக்னோ சமையல்காரர்களும் அவரோடு வந்தார்கள். பணமில்லாததால் கறிக்குப் பதில் கிழங்கைப் போட்டார்கள் என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அன்று உருளைக்கிழங்கு புதுமையான பண்டம், ஆசைப்பட்டுச் சேர்த்தார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. எது சரியாயினும், சாப்பிடுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கிழங்கை உடைத்துப் பாருங்கள். நெய்யும் கறிச்சாறும் நடுவரை ஊறியிருந்தால் அது நன்றாகச் செய்த பிரியாணி. உள்ளே வெள்ளையாக, மாவாக இருந்தால் சமைத்தவர் தவறிவிட்டார். கொல்கத்தாக்காரரும் அப்படித்தான் மதிப்பிடுவார். பிற ஊர்ப் பண்டத்தைக் குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை; அந்த ஊர்க்காரர் எதைக் குறை என்பாரோ அதைக் குறை என்று சொல்லுங்கள்.

புகழையும் பழியையும் ஒதுக்கிவைப்பது

ஓர் ஊரின் சாப்பாட்டைப் பற்றி முன்பே கேள்விப்பட்டதை நாக்குக்கு முன்னால் அனுப்பிவிடக் கூடாது. 'செட்டிநாடு' என்ற சொல்லைப் பாருங்கள். இந்தியா முழுவதும் ஓட்டல் பட்டியல்களில் அது மிளகும் மிளகாயும் எரியும் கோழிக் குழம்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. காரைக்குடிப் பக்கம் போய் ஒரு வீட்டு விருந்தில் உட்கார்ந்தால் முதலில் வருவது கவுனி அரிசி இனிப்பாக இருக்கலாம். பால்போல் வெளுத்த வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், அரிசி கழுவிய நீரில் செய்த மண்டி என்று, எரிச்சலே இல்லாத பண்டங்கள் வரிசையாக வரும். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் குடும்பங்களின் சமையல் அது. காரத்துக்கு ஆசைப்பட்டு அங்கே போகிறவர் ஏமாந்து திரும்புவார். தவறு அந்தச் சமையலுடையது அன்று.

கடல் கடந்தால் இந்தக் குழப்பம் இன்னும் பெரியது. பிரிட்டனின் கறி உணவகங்களில் 'மட்ராஸ்' என்பது கொர்மாவைவிடக் காரமாகவும் விண்டாலுவைவிடக் குறைவாகவும் உள்ள ஒரு காரப் படிநிலை. சென்னையில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு குழம்பு வைப்பதில்லை. விண்டாலுவும் கோவாவில் வினிகரும் பூண்டும் சேர்ந்த போர்ச்சுகீசிய வழிச் சமையல். அங்கே அதன் உயிர் புளிப்பில்தான் இருக்கிறது. நம் பெயரை வைத்து இப்படிச் செய்கிறார்களே என்று நாம் வருந்துகிறோம், அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் "வெள்ளைக்காரனுக்குச் சமைக்கத் தெரியாது" என்று நாம் சொல்வதும் அதே வகைப் பேச்சுத்தான். இரண்டாம் உலகப்போரின்போது தொடங்கி, போர் முடிந்த பிறகும் நீடித்து, 1940 முதல் 1954 வரை பிரிட்டனில் உணவுப் பங்கீடு இருந்தது. வெண்ணெய், இறைச்சி, சர்க்கரை எல்லாம் அளந்து கொடுக்கப்பட்டன. போர்க்காலத்தில் பாலாடைக்கட்டிக்கான பாலின் பெரும் பகுதியை ஒரே வகைக்குத் திருப்பிவிட்டதால் ஊர்ப்புறத்துப் பாலாடைக்கட்டி வகைகள் பல நலிந்தன. அந்தக் காலத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்ட வெளிநாட்டார் சொன்ன கருத்து, பங்கீடு முடிந்து பல தலைமுறைகள் ஆன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு நாட்டின் சாப்பாட்டைப் பற்றிய பழியோ புகழோ காதில் விழுந்தால், அது எந்தக் காலத்து அனுபவம், யார் சொன்னது, வீட்டுச் சாப்பாட்டையா ஓட்டல் சாப்பாட்டையா பற்றியது என்று விசாரியுங்கள். ஒரு வீட்டிலாவது சாப்பிடும்வரை வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

"எங்கள் ஊரில்தான் பிறந்தது" என்ற வாதத்துக்குள் இறங்காதீர்கள். ரசகுல்லாவுக்காக மேற்கு வங்காளமும் ஒடிசாவும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டன. 2017-இல் 'பாங்ளார் ரசகுல்லா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் 'ஒடிசா ரசகுல்லா'வுக்கும் கிடைத்தது. இரண்டையும் வழங்கிய புவிசார் குறியீட்டுப் பதிவகம் நம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அந்தக் குறியீடு, இன்ன பகுதியில் இன்ன முறையில் செய்யப்படும் பண்டத்துக்கு இன்ன தனித்தன்மை உண்டு என்பதைத்தான் பதிவு செய்கிறது. உலகில் முதன்முதலில் யார் செய்தார் என்று அது தீர்ப்பளிப்பதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் கிடைத்திருப்பதும் அதே பொருளில்தான். சாம்பார் தஞ்சை மராத்தியர் அரண்மனையில் பிறந்தது என்ற கதையையும் கதை என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்துச் சொல்லும்போது

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. நம் ஊர்களில் சாப்பாட்டைப் பற்றிய இளக்காரம் பல நேரங்களில் சுவையைப் பற்றியதே அன்று, சாதியைப் பற்றியது. கருவாடு வறுக்கும் வாசனை வருகிறது என்று வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதும், அலுவலகத்தில் ஒருவர் டப்பாவைத் திறந்ததும் இன்னொருவர் எழுந்து போவதும் நாள்தோறும் நடப்பவை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரில் பலர் உண்ணும் பிரியாணியை ஆம்பூர்ப் பிரியாணித் திருவிழாவிலிருந்து விலக்க முடியும் என்று எண்ணும் மனநிலை எங்கிருந்து வருகிறது என்று நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு பண்டம் உங்களுக்கு அருவருப்பாக இருந்தால், அந்த அருவருப்பு நாக்கிலிருந்து வந்ததா, வீட்டில் சொல்லிக் கொடுத்ததா என்று முதலில் பாருங்கள். சாப்பிட விருப்பமில்லாவிட்டால் "எனக்குப் பழக்கமில்லை" என்று சொன்னால் போதும். "இதையெல்லாம் எப்படித்தான் சாப்பிடுகிறீர்களோ" என்ற சொற்றொடரை வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

'அசல்', 'உண்மையான' என்ற இரண்டு சொற்களையும் நான் இப்போது பயன்படுத்துவதில்லை. அவற்றுக்குப் பதிலாக "எங்கள் வீட்டில்" என்று தொடங்குகிறேன். "உண்மையான சாம்பாரில் வெல்லம் கிடையாது" என்பதற்கும் "எங்கள் வீட்டில் சாம்பாருக்கு வெல்லம் போடுவதில்லை" என்பதற்கும் உள்ள வேறுபாடு, கேட்பவர் முகத்திலேயே தெரியும். முதலாவதைக் கேட்டவர் சண்டைக்கு வருவார், இரண்டாவதைக் கேட்டவர், "அப்படியா, புளிப்பு அதிகமாகிவிடாதா?" என்று கேட்பார்.

ஒரே ஒருமுறை சாப்பிட்டுவிட்டு எழுதவோ பேசவோ வேண்டாம். குறைந்தது மூன்று இடங்களில், அவற்றில் ஒன்று வீடாக இருக்கும்படி, சாப்பிட்ட பிறகு பேசுங்கள். பிடிக்காததைச் சொல்லும்போது உப்பு, வேக்காடு, எண்ணெய், பழைய மசாலா என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

நம் சாப்பாட்டை மற்றவர் இளக்காரமாகப் பேசும்போது என்ன செய்வது என்றும் பலர் கேட்கிறார்கள். டெல்லியில் வேலை செய்த காலத்தில், "உங்களுக்கென்ன, மூன்று வேளையும் இட்லி தோசைதானே" என்று சொன்ன ஒருவரோடு வாதாடி நான் ஒருபோதும் வென்றதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து, வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், மிளகு ரசம், வாழைக்காய் வறுவல், மோர் என்று வரிசையாகப் பரிமாறினேன். குழம்புச் சோறு முடிந்ததும் எழப் போனவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை சோறு போட வேண்டியிருந்தது. ஒரே சாப்பாட்டுக்குள் சோறு மூன்று முறை வரும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விருந்தாளிக்கு எதை எந்த வரிசையில் எதனோடு சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது, அழைத்தவர் கடமை.

வளசரவாக்கத்து அம்மாவுக்கும் பிறகு ஒருநாள் எங்கள் வீட்டில் சொதி வைத்துக் கொடுத்தேன். அவர் வீட்டு வழக்கம் என்று எண்ணி, கூடவே இடியப்பமும் அவித்திருந்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தவர், "நல்லா இருக்குது தம்பி. ஆனா இதுக்கு இடியப்பம் வேண்டாம், சோறு போடுங்கோ" என்றார். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து சின்னக் குறிப்பேடு ஒன்றை எடுத்து, எத்தனை தேங்காய், பருப்பை எந்த அளவுக்கு வறுக்க வேண்டும், எலுமிச்சையை எப்போது பிழிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் எழுதிய தலைப்பு 'திருநெல்வேலிச் சொதி'. எலுமிச்சம்பழச் சாற்றுக்கு நேரே 'தேசிக்காய்ப்புளி' என்று எழுதினார். அதே போல் அவருடைய சொதியை நான் எழுதி வைத்திருக்கும் பக்கத்தின் தலைப்பு 'யாழ்ப்பாணச் சொதி'. நீங்களும் குறிப்பெடுக்கும்போது பண்டத்தின் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரையும், கீழே அதனோடு சாப்பிட வேண்டியதையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.